நீ மன்னித்த அந்த ஓரடி

மரக்காணம்,
24-3-2026

அன்பு மகள் வைஜெயந்திக்கு,

உன் அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உடம்பளவில் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஜெயப்பிரகாஷும், இன்னும் ஒரு மாதத்தில் வெளியே வரப்போகிற பிள்ளையும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகவே சுகமாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறவன் எதற்காக அயர்லாந்துக்குக் கடிதம் போடுகிறான் என்று உனக்குத் தோன்றும். எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று கேட்கப் போனபோது தபாலாபீஸ் பெண்ணும் அதையேதான் கேட்டது. இரண்டு வாரம் ஆகும் என்றது. ஆகட்டும். போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழுவாய், இல்லாவிட்டால் அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாய், இரண்டையும் பார்த்துக்கொண்டு மீதியைச் சொல்கிற தைரியம் எனக்கில்லை. உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்கு இருபது வருஷமாக மனு எழுதிப் பழகிய கை இது. வாய் குழறுகிற விஷயத்தையும் பேனா ஒழுங்காகச் சொல்லிவிடும். அதை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா அளத்துக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் முடிக்கவேண்டும் என்றெல்லாம் இல்லை, நான் எழுதுவது அவளுக்குத் தெரியும், பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஊர்ச் சேதி முதலில். இந்த வருஷம் மழை பொங்கல் தாண்டியும் விடவில்லை. கழுவெளிச் சதுப்பில் நின்ற தண்ணீர் வடிந்து முடியத் தை மாதம் போய்விட்டது. அதற்கப்புறம்தான் சேற்றை வாரிக் கரை போட்டு, தளம் கெட்டியாகும்படி பாத்தி மிதித்தோம். நாங்கள் ஆறு குடும்பம் சேர்ந்து வேலை பார்க்கிற பாத்திகள்தான் இந்தப் பக்கத்தில் முதலில் தயாராயின. பக்கத்துப் பாத்தி ஆண்டாள் உன்னை விசாரித்தாள், நீ பள்ளிக்கூடம் போகையில் வழியில் நிறுத்தித் தலைக்குப் பூ வைத்துவிடுவாளே, அவளேதான், முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டே எங்கள் எல்லோரையும்விட வேகமாக மிதித்தாள். என் கூட்டாளி சகாயராஜ் மகனுக்கு இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு பேக்கரியில் வேலை கிடைத்திருக்கிறது, ரொட்டி கொண்டுவந்து கொடுத்தான், மரக்கட்டை மாதிரி இருந்தது, அதுதான் நல்ல ரொட்டி என்றான், இருக்கலாம். இந்தச் சேதிகளை இன்னும் இரண்டு பக்கம் இழுக்க எனக்குத் தெரியும். இழுக்கமாட்டேன். வைஜெயந்தி, நான் மறுபடி குடித்துவிட்டேன். இந்த மாதம் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை. அதற்குப் பிறகு இன்று வரை தொடவில்லை. ஆனால் அன்று குடித்தேன்.

இந்த இடத்தில் நீ கடிதத்தை மடித்துக் கீழே வைத்திருப்பாய். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடு. தீபாவளியன்று நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கு வார்த்தை பிசகாமல் இருக்கிறது. அன்று காலையில் நீ போன் செய்து பிள்ளை உண்டாகியிருக்கிறது, மூன்று மாதம் என்றாய். எக்கியார்குப்பத்தில் அந்த மே மாதம் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்தார்களே, அந்த வாரம் குடியை நிறுத்தியவன் நான். இரண்டரை வருஷம் பயமே என்னைக் காப்பாற்றியது. பயத்துக்கு எதிரே இத்தனை பெரிய சந்தோஷம் வந்து நிற்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை, அன்று சாயந்தரமே கடைக்குப் போய்விட்டேன். மறுநாள் நானே உனக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன். நீ, “டூ ஸ்டெப்ஸ் ஃபார்வர்டு, ஒன் ஸ்டெப் பேக், அவ்ளோதாம்பா. விடு” என்று சொன்னாய். அதற்கப்புறம் ஒரு நிபந்தனையும் போட்டாய். பிரசவத்துக்கு அம்மாவோடு நானும் வரவேண்டுமானால் அதுவரை ஒரு சொட்டுக்கூடக் கூடாது, வாசனை வந்தாலும் பிள்ளை என் கைக்கு வராது என்றாய். சரி என்றேன். உன் அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். விசா வந்தது, இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாய், ஏப்ரல் பதினாறாம் தேதி புறப்பாடு. எல்லாம் அந்த ஒரு வார்த்தையின் மேல்.

நீ சொன்ன இங்கிலீஷ் எனக்கு உடனே புரிந்தது. இரண்டு அடி முன்னே போனால் ஓரடி பின்னே வரும், ஆனாலும் ஆள் முன்னேறிக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் இதை எவன் முதலில் சொன்னான், எதைப் பார்த்துச் சொன்னான் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. உனக்குத்தான் தெரியுமே, அரசாணை என்று ஒரு காகிதம் வந்தால் அதன் எண்ணையும் தேதியையும் பார்க்காமல் நான் நம்பமாட்டேன். தீபாவளிக்கு அப்புறம் நானும் சகாயராஜும் சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் குடி நிறுத்துகிறவர்களுக்கு நடக்கிற கூட்டத்துக்குப் போகிறோம் அல்லவா, அங்கே கவுன்சிலிங் மேடத்தைக் கேட்டேன். அது ஒரு தவளைக் கதையிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வார்கள், உறுதியாக யாருக்கும் தெரியாது என்றார். போர்டில் கிணறு வரைந்தார். பத்தடிக் கிணறு, தவளை பகலில் இரண்டடி ஏறும், தூங்கும்போது ஓரடி சறுக்கும், எத்தனையாவது நாள் வெளியே வரும் என்று கேட்டார். நாளுக்கு ஓரடி, ஆகவே பத்து நாள் என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். ஒன்பதுதான் சரியாம். எட்டு நாளில் எட்டடி ஏறியிருக்கும், ஒன்பதாம் நாள் இரண்டடி ஏறினால் கரை வந்துவிடும், கரைக்கு வந்த தவளை எதற்குச் சறுக்கும் என்றார். பன்னிரண்டு பேர் உட்கார்ந்து ஒரு தவளையிடம் தோற்றோம்.

சகாயராஜ் அதோடு விடவில்லை. அவர்கள் கோயில் ஃபாதரைப் போய்க் கேட்டிருக்கிறான். ஐரோப்பாவில் ஏதோ ஒரு சின்ன ஊரில், பெயர் சொன்னான், என் வாயில் நுழையவில்லை, ஒரு புனிதர் திருவிழாவில் ஜனங்கள் வரிசையாகக் குதித்துக் குதித்து ஆடிக்கொண்டே கோயிலுக்குப் போவார்களாம், முன்காலத்தில் மூன்றடி முன்னே, இரண்டடி பின்னே என்று போவதும் உண்டாம், மெதுவாக நடக்கிற எந்தக் காரியத்தையும் அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் அங்கே கேலி செய்வார்களாம். நம் ஆட்கள் அங்கப்பிரதட்சணம் செய்கிற மாதிரி என்று வைத்துக்கொள். எனக்குத் தவளையைவிட இது பிடித்தது, பின்னால் வருவதும் வேண்டுதலில் ஒரு பகுதி. இரண்டையும் கேட்டுவிட்டு நம் பழமொழியை யோசித்தேன். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்போம். முழம் என்றால் இரண்டு சாண். வெள்ளைக்காரத் தவளை இரண்டு ஏறி ஒன்று சறுக்குகிறது, நம் ஊர் ஆள் ஒன்று ஏறி இரண்டு சறுக்குகிறான். அந்தக் கணக்குப்படி பார்த்தால் நாம் எல்லோரும் இதற்குள் பாதாளத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். முப்பது வருஷம் நான் இந்தப் பழமொழியைச் சொல்லித்தான் குடித்தேன். எப்படியும் சறுக்கத்தான் போகிறது, ஏறுவானேன் என்று. அதனால் உன்னுடைய இங்கிலீஷ் எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை நீ தெரிந்துகொள்ளவேண்டும். என் மகள் என்னை முன்னே போகிறவன் என்று சொல்லிவிட்டாள் என்று அளத்தில் நாலு பேரிடம் சொன்னேன்.

இனி இரண்டாம் தேதி. அளத்தில் முதல் உப்பு வாருகிற நாளில் முனீஸ்வரனுக்குப் படைக்காமல் ஒருவரும் உப்பு வாருகிற பலகையைத் தொடமாட்டோம், அது உனக்குத் தெரியும். பொங்கல், கோழி, சுருட்டு, ஒரு குவார்ட்டர் பாட்டில். படையல் போடுகிறவர் தீபாராதனை காட்டிவிட்டு முதல் மடக்கு குடிக்கவேண்டும், அப்புறம் மற்ற ஆண்களுக்குப் போகும், பெண்களுக்குப் பொங்கல். இத்தனை வருஷம் சடையப்பன்தான் படைத்தார். அவர் இந்த மாசியில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு பிரம்மதேசத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். ஆறு குடும்பத்தில் அடுத்து வயதில் மூத்தவன் நான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சாமி காரியத்தை மறுத்தால் வருஷம் பூராவும் உப்புக்கு ஏதாவது ஆனால் என் தலையில் விடியுமே என்று நினைத்தேன், அதற்கு மேலும் ஒன்று நினைத்தேன், அதைப் பின்னால் சொல்கிறேன். கற்பூரம் அணைந்ததும் டம்ளர் என் கைக்கு வந்தது. சகாயராஜ் வேதக்காரன் என்பதால் தள்ளி நின்றிருந்தான், அங்கிருந்தே தலையை ஆட்டி வேண்டாம் என்றான். பார்த்தேன். இது சாராயம் இல்லை, பிரசாதம், பிரசாதத்துக்கு ஏது கணக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குடித்தேன். ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிறவன் தனக்கென்று வந்தால் எப்படியெல்லாம் சட்டம் கண்டுபிடிக்கிறான் பார். மற்ற ஆண்கள் ஆளுக்கு ஒரு வாய் வைத்துவிட்டுக் கொடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்ததை நான் வீணாகக்கூடாது என்று குடித்தேன். அப்புறம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அங்கே வாங்கியது எந்தச் சாமிக்கும் படைத்தது இல்லை.

முதல் நாள் என்பதால் எல்லோரும் கொஞ்சம் உப்பை வாரிக் குவித்து, சாப்பிட்டுவிட்டு மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். மடை என் பொறுப்பு. பெரிய குளத்துத் தண்ணீரை அளவாக உள்ளே விட்டு, மட்டம் வந்ததும் பலகை போட்டு அடைக்கவேண்டும், ஒரு மணி நேர வேலை. நான் கடையிலிருந்து திரும்பி வந்து மடையைத் திறந்துவிட்டுப் பனைமரத்து நிழலில் சாய்ந்தேன். கண் விழித்தபோது விடிந்திருந்தது, உன் அம்மா என் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் உப்பு முற்றாத தண்ணீர் பாத்திக்குப் பாத்தி வழிந்து, வாரிக் கரையோரம் குவித்திருந்த உப்பும் போய், தரையில் விளைந்து நின்ற உப்பும் போய், ஆறு குடும்பத்தின் முதல் உப்பு முழுவதும் கரைந்துவிட்டது. வெறும் தண்ணீர் நின்றது. எல்லோரும் வந்து கரையில் நின்று பார்த்தார்கள். ஆண்டாள்தான் பாத்திக்குள் இறங்கி, தண்ணீருக்குள் காலால் துழாவித் துழாவி நாலு மூலைக்கும் நடந்துவிட்டு வந்து சொன்னாள்: “உப்புதான் போச்சு, தளம் அப்படியே கெட்டியா இருக்குது. தளம் போயிருந்தா உன்ன உயிரோட விட்டிருக்கமாட்டோம்.” அப்புறம், “முனிக்கு கலர் ஊத்துனா வேணாம்னா சொல்லப் போறாரு?” என்று கேட்டுவிட்டுப் பானையைக் கழுவப் போய்விட்டாள். எனக்குச் சாவதற்கு வழி தெரியவில்லை, கலர் சோடா எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். தோன்றாமல் இல்லை, தோன்றவிடவில்லை.

நீர்த்துப்போன தண்ணீரை வடித்துவிட்டுத் திரும்ப உப்பு முற்றிய தண்ணீர் பாய்ச்சினோம். வெயில் நன்றாக அடித்ததால் பதினாறாம் நாள் மறுபடி உப்பு வாரினோம். வேலைக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள், டீ குடிக்கும்போது எனக்கும் ஒரு டம்ளர் வந்தது, சகாயராஜ் சனிக்கிழமை கூட்டத்துக்குப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனான். ஆனால் மடையை என்னிடமிருந்து வாங்கி ஆண்டாளிடம் கொடுத்துவிட்டார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை, மறுநாள் காலையில் மடைப் பலகை அவள் கையில் இருந்தது. எனக்கு முதலில் சுருக்கென்று இருந்தது. இரண்டு நாள் அவள் மடை திறந்து அடைப்பதைப் பார்த்தேன். அப்புறம் ஒரு நிம்மதி வந்தது, வைஜெயந்தி. மன்னிப்பது வேறு, பொறுப்பைக் கையில் கொடுப்பது வேறு. ஆறு குடும்பமும் முதலாவதைச் செய்தது, இரண்டாவதைச் செய்யவில்லை. அவர்கள் செய்தது சரி.

இப்போது நான் பின்னால் சொல்கிறேன் என்றேனே, அது. டம்ளர் என் கையில் இருந்தபோது உன் நினைவு வரவில்லை என்று நினைக்காதே. வந்தது. உன் முகம் வந்தது, உன் வார்த்தையும் வந்தது. தீபாவளியிலிருந்து நாலு மாதத்துக்கு மேல் சுத்தமாக இருந்திருக்கிறேன், அது இரண்டு அடி, நிச்சயம் இரண்டு அடிக்கு மேலேயே இருக்கும், ஆகவே எனக்கு ஓரடி பாக்கி இருக்கிறது, என் மகளே சொல்லியிருக்கிறாள் என்று நினைத்துத்தான் வாயில் வைத்தேன். நீ என்னைத் தூக்கி நிறுத்தக் கொடுத்த வார்த்தையை நான் அனுமதிச் சீட்டாக்கிக்கொண்டேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. பழமொழி என்றால், எந்த ஊருடையதாக இருந்தாலும், குடிகாரன் அதைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வான். நம் ஊர்ப் பழமொழி எதற்கு ஏறவேண்டும் என்றது, இங்கிலீஷ் பழமொழி இறங்கினால் என்ன என்றது, இரண்டும் என் வாயில் ஒரே பேச்சாகிவிட்டது. உன்மேல் தப்பே இல்லை, அதைத் தெரிந்துகொள். நீ நல்ல மனதோடு சொன்னாய். அந்தத் தவளைக் கதையையும் இப்போது வேறு மாதிரி யோசிக்கிறேன். அதற்கு ஒன்பதாம் நாள் கரை இருக்கிறது, கரை ஏறிவிட்டால் முடிந்தது. என் கிணற்றுக்குக் கரை கிடையாது. இனி நான் சறுக்கவே மாட்டேன் என்று ஒரு நாளும் என்னால் எழுதிக் கொடுக்க முடியாது. போன சனிக்கிழமை இதைக் கூட்டத்தில் சொன்னேன். மேடம் ஒன்றும் திருத்தவில்லை, ஆமாம் என்று மட்டும் சொன்னார்.

உன் அம்மா இதை உனக்குச் சொல்லக்கூடாது என்கிறாள். “புள்ள பொறக்கற நேரத்துல அவளுக்கு எதுக்குய்யா இது? வாய மூடிக்கினு வா. அங்க கடையும் இல்ல, முனியும் இல்ல” என்றாள். அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. நான் வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்காது. நீ பிள்ளையைச் சிரித்துக்கொண்டே என் கையில் கொடுத்திருப்பாய். ஆனால் நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஆண்டுவிழா முடிந்து உன்னை சைக்கிளில் கூட்டிக்கொண்டு அளத்துக் கரைமேல் வந்தேன், ஞாபகம் இருக்கிறதா. எனக்கு நினைவே சரியாக இல்லை, அந்த அளவுக்குக் குடித்திருந்தேன். கரையிலிருந்து பாத்திக்குள் விழுந்தோம். முட்டி கிழிந்து அந்தத் தண்ணீரில் நின்றாய், உப்புத் தண்ணீர் காயத்தில் பட்டால் பெரிய ஆட்களே கத்துவார்கள், நீ கத்தவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் நானேதான் ஓடி விழுந்துட்டேன் என்று சொன்னாய். அப்போது உனக்கு எட்டு வயது. இருபது வருஷத்துக்கு மேலாக என்னை மன்னிக்கிற வேலையை உன் தலையில் வைத்திருக்கிறேன், நீயும் ஒரு நாள் விடுப்பு எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாய். பிரசவத்துக்குப் போகிறவளுக்கு அந்த வேலையும் எதற்கு. நீ இதைப் படித்துவிட்டு யோசிப்பாய், பரவாயில்லை வாப்பா என்று சொல்லத்தான் உன் மனம் போகும், எனக்கு உன்னைத் தெரியும். அதனால் முடிவை உன்னிடம் விடவில்லை, நானே எடுத்துவிட்டேன். நான் வரவில்லை. உன் அம்மா மட்டும் வருவாள். என் டிக்கெட்டை ரத்து செய்யும்படி மாப்பிள்ளையிடம் சொல். நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். பெட்டியைத் திறந்து என் சட்டைகளை வெளியே எடுத்து வைத்தாள். அந்த இடத்தில் பூண்டையும் சுக்கையும் நிறைத்தாள்.

இனி அவளைப் பற்றி. விமானம் நடுவில் ஒரு ஊரில் மாறவேண்டும், தனியாக வரவேண்டுமே என்று அவளுக்கு உள்ளூர நடுக்கம், வெளியே காட்டமாட்டாள். ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவைத்தால் அவர்களே தள்ளிக்கொண்டு போய் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள் என்று சகாயராஜின் சம்பந்தி சொன்னார், நீ அதற்கு ஏற்பாடு செய். எனக்குக் கால் இல்லையா, முப்பது வருஷம் பாத்தி மிதித்த கால் என்று சண்டை போடுகிறாள். நாற்காலியில் உட்கார்ந்தால்தான் மகள் வீட்டுக்குப் போகமுடியும், அது அரசாணை என்று சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். கருவாடு கொண்டுவரக்கூடாது என்று நீயே கண்டிப்பாகச் சொல்லிவிடு, நான் சொன்னால் பெட்டியின் அடியில் ஒளித்துவைப்பாள். அங்கே வந்து இறங்கியதும் முதல் இரண்டு நாள் அவளைச் சமையலறைக்குள் விடாதே, தூங்கட்டும். கீரை சாப்பிடு. கால் வீங்கினால் நர்ஸுதானே என்று நீயே வைத்தியம் பார்த்துக்கொள்ளாதே, டாக்டரிடம் காட்டு. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டலாமா என்று யோசிப்பாய். காட்டு. மறைத்து வைப்பதில் நம் வீட்டில் எல்லோரும் கைதேர்ந்தவர்களாகிவிட்டோம், உன் வீட்டுக்கு அந்தப் பழக்கம் வரவேண்டாம்.

பதினாறாம் தேதி சென்னை ஏர்போர்ட் வாசல் வரைக்கும் உன் அம்மாவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவேன், அவள் உள்ளே போனதும் பஸ் பிடித்துத் திரும்பிவிடுவேன், அன்று சகாயராஜ் என்னோடு வருகிறான், நான்தான் கூப்பிட்டேன். மறுநாளிலிருந்து அளத்து வேலை இருக்கிறது, சனிக்கிழமை கூட்டம் இருக்கிறது, சமைக்கத் தெரியும், என்னைப் பற்றிக் கவலைப்படாதே. உனக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டும், பெண்ணோ ஆணோ உன்னைப் போலப் பொறுமையோடும் உன் அம்மாவைப் போல வாயோடும் பிறக்கவேண்டும், தீர்க்காயுசாக இருக்கவேண்டும், நீயும் மாப்பிள்ளையும் சீரும் சிறப்புமாக இருக்கவேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். பதில் எழுதாவிட்டாலும் போன் எடுக்காவிட்டாலும் நான் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் இந்த முறை பரவாயில்லை என்று மட்டும் சொல்லாதே. இங்கிலீஷில் மன்னிக்காதே. கோபம் வந்தால் தமிழில் நன்றாகத் திட்டி அனுப்பு, எட்டு வயதில் திட்டியிருக்கவேண்டியதையும் சேர்த்துத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே. பிள்ளை பிறந்த அன்று வீடியோ வேண்டாம், என் முகம் அதன் முன்னால் அன்றைக்கு வரவேண்டாம். சாதாரணப் போன் போட்டு அது அழுகிறபோது பக்கத்தில் வைக்கச் சொல். நான் பேசமாட்டேன். அழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
காசிலிங்கம்